உங்களுக்குத் தெரியுமா? ஆராய்ச்சி மேசையில் நோயாளிக்கும் ஒரு நாற்காலி

நடுக்கத்துக்கு முன்னால் வந்த வாடை

கை கால் நடுக்கத்தைக் கொண்டுவரும் பார்கின்சன் நோய்க்கு ஒரு வாடை உண்டு. அதை உலகத்துக்குச் சொன்னவர் ஜாய் மில்ன். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற நர்ஸ். அவருடைய கணவர் டாக்டர். கணவருக்கு 45 வயதில் பார்கின்சன் என்று உறுதியானது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் மேலிருந்து கஸ்தூரி மாதிரி ஒரு கனத்த வாடை வர ஆரம்பித்துவிட்டது. சரியாகக் குளிப்பதில்லையோ என்றுதான் ஜாய் முதலில் நினைத்தார். பிற்பாடு பார்கின்சன் நோயாளிகள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, அங்கிருந்த மற்றவர்களிடமும் அதே வாடை.

2012-ல் எடின்பரோவில் டிலோ குனாத் என்ற விஞ்ஞானி பொதுமக்களுக்காக ஓர் உரை நிகழ்த்தினார். பார்வையாளர் வரிசையிலிருந்த ஜாய், இந்த நோயின் வாடையை வைத்து ஏன் ஆராயக் கூடாது என்று கேட்டார். விஞ்ஞானிக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பிறகு ஜாயைத் தேடிப் பிடித்துச் சோதனை வைத்தார்கள். நோயாளிகள் 6 பேர், நோய் இல்லாதவர்கள் 6 பேர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டுகள். ஜாய் ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார். நோய் இல்லாதவர் ஒருவருடைய சட்டையையும் நோயாளியுடையது என்றார். அது தவறு என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த மனிதருக்கும் பார்கின்சன் உறுதியானது.

தோலின் எண்ணெய்ப் பசையில் எந்த மூலக்கூறுகள் அந்த வாடையோடு தொடர்புடையவை என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்டிடா பாரன் குழுவினர் ஆராய்ந்து 2019-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அதை எழுதியவர்கள் பட்டியலில் ஜாய் மில்னின் பெயரும் இருக்கிறது.

ஜாய் அன்று அந்த உரைக்குப் போகாமல் இருந்திருந்தால்? இப்படிப்பட்ட கேள்விகளை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டுவிடக் கூடாது, நோயோடு வாழ்கிறவர்களை முதல் நாளிலிருந்தே ஆராய்ச்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு நாடு முன்பே முடிவெடுத்திருந்தது. அதற்காக வேலைகளையும் பதவிகளையும் ஊதிய விகிதங்களையும் உருவாக்கியது.

பிரிட்டன் போட்ட நாற்காலி

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்குள் நடக்கும் ஆராய்ச்சியில் பொதுமக்களைச் சேர்ப்பதற்கென்று 1996-லேயே ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. பிற்பாடு அதற்கு 'இன்வால்வ்' என்று பெயர். 2006-ல் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது, சுருக்கமாக என்.ஐ.எச்.ஆர். அரசுப் பணத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பகிர்ந்தளிக்கும் பெரிய அமைப்பு இது. இதனிடம் நிதி கேட்டு வரும் ஆராய்ச்சியாளர், நோயாளிகளையும் பொதுமக்களையும் எப்படிச் சேர்த்துக்கொண்டேன், இனி எப்படிச் சேர்த்துக்கொள்வேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதியாக வேண்டும்.

2022 டிசம்பரிலிருந்து ஐந்தாண்டுகளுக்கு, இங்கிலாந்தில் 20 உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையங்களுக்கு ஏறக்குறைய 80 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததை நோயாளியின் படுக்கை வரை கொண்டுவருவதே இந்த மையங்களின் வேலை. லண்டனில் கண்ணுக்குப் பேர்போன மூர்ஃபீல்ட்ஸ், புற்றுநோய்க்கு ராயல் மார்ஸ்டன், குழந்தைகளுக்கு கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் எல்லாம் இதில் அடக்கம். பொதுமக்கள் பங்கேற்புக்கென்று தனிப் பணியாளர்கள் இந்த மையங்களில் இருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு ரத்தம் கொடுப்பது, சோதனை மருந்தைச் சாப்பிடுவது, கேள்வித்தாளை நிரப்புவது ஆகியவை ஒரு வகை. அவற்றுக்கும் பெரிய மனம் வேண்டும். ஆனால் நான் சொல்வது வேறு வேலை: எதை ஆராய வேண்டும், எந்த விளைவை அளக்க வேண்டும், நோயாளியை எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு அலைய விடலாம், முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்காருவது.

அதற்குக் கூலி உண்டு

உண்டு. நோயாளிதானே, நல்ல மனதோடு வந்து உட்காரட்டும் என்று விடவில்லை. என்.ஐ.எச்.ஆர். தன் குழுக்களில் பணியாற்றும் பொதுமக்களுக்கு ஒரு முழு நாளுக்கு 150 பவுண்டு, அரை நாளுக்கு 75 பவுண்டு என்று விகிதம் வகுத்தது. பயணச் செலவு தனி.

பேராசிரியருக்குச் சம்பளம், புள்ளிவிவர நிபுணருக்குச் சம்பளம், நோயாளிக்கு மட்டும் டீயும் பிஸ்கெட்டும் என்றால் அந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூலி கொடுத்தால்தான் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவரும் அந்தக் கூட்டத்துக்கு வர முடியும். இல்லாவிட்டால் ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள்.

என்னென்ன வேலைகள்?

முதலில் முழுநேரச் சம்பள வேலை: பொதுமக்கள் பங்கேற்பு அலுவலர், மேலாளர், பிரிவுத் தலைவர். ஆராய்ச்சியாளர் ஒருவர் புதுத் திட்டத்தோடு வந்தால், அந்த நோயோடு வாழ்கிறவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவர்களுக்குப் புரியும்படி விளக்குவது, கூட்டத்தை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வைப்பது, பேசத் தயங்குகிறவரைப் பேச வைப்பது, அவர் சொன்னதால் திட்டத்தில் என்ன மாறியது என்று திரும்பிப் போய் அவரிடமே சொல்வது. இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாதவர் அடுத்த முறை வரமாட்டார்.

இதற்கு ஆய்வகப் பட்டம் கட்டாயமில்லை. ஆசிரியர், நர்ஸ், சமூகப் பணியாளர், பத்திரிகையாளர் என்று பல வழிகளிலிருந்து இந்த வேலைக்கு வருகிறார்கள். மனிதர்களிடம் பேசத் தெரிந்தவர்களுக்கான இடம் இது.

அடுத்தது நோயாளிகளும் குடும்பத்தினரும் ஏற்கும் பொறுப்புகள். நிதி விண்ணப்பங்களைப் படித்துக் கருத்து எழுதுபவர், நிதிக்குழு உறுப்பினர், ஆய்வை மேற்பார்வையிடும் குழுவின் உறுப்பினர், ஆலோசனைக் குழுவின் தலைவர். இவற்றுக்கு மேலே, ஆராய்ச்சித் திட்டத்தின் இணை விண்ணப்பதாரர் என்ற இடமும் உண்டு. பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் நோயாளியின் பெயரும் இருக்கும்.

தலைமைப் பதவிகளும் உண்டு. நோயாளிகள், பொதுமக்கள் பங்கேற்புக்கென்றே என்.ஐ.எச்.ஆர். ஒரு தேசிய இயக்குநரை நியமித்தது; சைமன் டெனெக்ரி அப்பதவியில் இருந்தவர். வார்விக் பல்கலைக்கழகத்தில் சோஃபி ஸ்டானிஷெவ்ஸ்கா இதே துறைக்குப் பேராசிரியர். அவரும், புற்றுநோயிலிருந்து மீண்ட ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸும் சேர்ந்து, இத்துறைக்கென்றே 2015-ல் தொடங்கப்பட்ட ஆய்விதழுக்கு இணை ஆசிரியர்களாக இருந்தார்கள். ஒருவர் கல்வியாளர், இன்னொருவர் நோயாளி. ஆசிரியர் பொறுப்பு இருவருக்கும் பொது.

பள்ளிப் பிள்ளைகளும்

குழந்தைகளுக்கான மருந்து ஆராய்ச்சியைப் பற்றிக் குழந்தைகளிடமே கேட்பதற்கென்று 2006-ல் லிவர்பூலில் ஒரு குழு தொடங்கியது. இன்று பல ஊர்களில் இப்படிப்பட்ட இளையோர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. ஆய்வு விளக்கத் தாள் தங்களுக்குப் புரிகிறதா, எத்தனை முறை ஊசி குத்தினால் பொறுத்துக்கொள்வோம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

எலுமிச்சையும் பத்துக் கேள்விகளும்

1747-ல் 'சாலிஸ்பரி' என்ற கப்பலில், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்த்தார் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மளமளவென்று தேறினார்கள். அவர் பெயரால் 2004-ல் பிரிட்டனில் 'ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ்' தொடங்கப்பட்டது. இதன் வேலை ஒன்றே ஒன்று. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், டாக்டர்கள் மூவரையும் சம அந்தஸ்தில் உட்கார வைத்து, இன்னும் விடை தெரியாத கேள்விகளில் முதல் பத்து எவை என்று ஒருமித்து முடிவெடுக்க வைப்பது.

பார்கின்சனுக்கு 2014-ல் அப்படி ஒரு பட்டியல் வந்தது. நடுக்கத்தை நிறுத்துவதுதான் முதலிடம் பிடிக்கும் என்று நாம் நினைப்போம். முதலிடத்தில் இருந்தது, தடுமாற்றத்தையும் கீழே விழுவதையும் குறைக்க என்ன சிகிச்சை உதவும் என்ற கேள்வி. வீட்டில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது சட்டென்று விளங்கும்.

2015-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த முன்னுரிமைப் பட்டியல்களை, நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சிகளோடு ஒப்பிட்டது. நோயாளிகளும் டாக்டர்களும் சேர்ந்து ஆராயச் சொன்ன சிகிச்சைகளில் மருந்து, தடுப்பூசி வகையறா 18 சதவீதம்தான். மற்றவை உடற்பயிற்சி, உளவியல் உதவி, அறுவை சிகிச்சை, பராமரிப்பு முறைகள் போன்றவை. ஆனால் மருந்து நிறுவனங்கள் நடத்திய சோதனைகளில் 86 சதவீதம் மருந்துகளைப் பற்றியவை. நிறுவனம் சாராத சோதனைகளில்கூட 37 சதவீதம். விற்க முடிந்ததைத்தான் நிறுவனம் ஆராயும். மற்றதை ஆராயச் சொல்ல, பொதுப்பணம் பங்கிடப்படும் இடத்தில் பொதுமக்கள் இருந்தாக வேண்டும்.

அசதி என்ற அளவுகோல்

முடக்குவாதத்துக்கான மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, வீங்கிய மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று அளந்துவந்தார்கள். இந்த அளவுகோல்களை வகுக்கும் சர்வதேச நிபுணர் குழுவின் பெயர் ஒமெராக்ட். 2002-ல் ஆஸ்திரேலியாவில் கூடியபோது முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தார்கள். வந்தவர்கள் சொன்ன பெரிய தொல்லை, அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத, ஒரு குடம் தண்ணீரைத் தூக்க விடாத அசதி. அதுவரை அதற்கு அளவுகோலில் இடமில்லை. சில ஆண்டுகளில், முடக்குவாத ஆராய்ச்சிகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று அந்தக் குழு ஏற்றுக்கொண்டது.

பல்லாண்டுகள் ஆராய்ந்த நிபுணர்களுக்குத் தெரியாததா? அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. 'டாக்டர், உடம்பு ஒரே அசதியாக இருக்கிறது' என்று ஒவ்வொரு நோயாளியும் தனித்தனி அறையில் சொல்லும்போது அது முறையீடு. தீர்மானம் எடுக்கும் மேசையில் சேர்ந்து சொன்னபோதுதான் அது அறிவியல் கேள்வியானது.

பெயரைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்: டயானா ரோஸ்

இந்தத் துறையில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் சொல்லலாம் என்றால் நான் இவரைச் சொல்வேன். சமூக அறிவியல் கல்வியாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர். மனநோய் காரணமாக வேலையிலிருந்து விலக நேர்ந்தது. பல ஆண்டுகள் மனநல சேவைகளில் நோயாளியாகவே வாழ்ந்தார். பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்பினார், இம்முறை தன் நோயை ஒளிக்காமல். லண்டனின் மனநல மருத்துவக் கல்வி நிறுவனத்தில், மனநல சேவையைப் பயன்படுத்தியவர்களே ஆராய்ச்சியாளர்களாக இருக்கும் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது, அதற்குத் தலைமையேற்றார். பிற்பாடு கிங்ஸ் கல்லூரியில், நோயாளிகளே முன்னின்று நடத்தும் ஆராய்ச்சிக்கான பேராசிரியர் ஆனார். அந்தப் பெயரில் உலகில் முதல் பேராசிரியர் அவர்தான்.

2003-ல் அவருடைய குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டது. 'ஷாக்' சிகிச்சை என்று நாம் சொல்லும் மின்னதிர்ச்சி சிகிச்சையைப் பற்றி நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று முன்பு நடந்த 35 ஆய்வுகளை அலசிய கட்டுரை. அவற்றில் 26 டாக்டர்கள் நடத்தியவை. 9 நோயாளிகள் நடத்தியவை அல்லது நோயாளிகளோடு சேர்ந்து நடத்தியவை. டாக்டர்கள் கேட்டபோது, சிகிச்சையில் திருப்தி என்றவர்கள் அதிகம். நோயாளிகளே நோயாளிகளைக் கேட்டபோது அந்த எண்ணிக்கை குறைந்தது. சிகிச்சை கொடுத்தவரே, அதே ஆஸ்பத்திரியில், சிகிச்சை முடிந்த கையோடு வந்து 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் மனிதர்கள் என்ன சொல்வார்கள்? மேலும், குறைந்தது மூன்றில் ஒருவருக்கு நினைவிழப்பு நீடித்ததாக அந்தக் கட்டுரை காட்டியது. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டுதலில் இந்தக் கண்டுபிடிப்புகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இந்தச் சிகிச்சை பலருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை மறுக்க இங்கே இதைச் சொல்லவில்லை. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதை எண்களாலேயே நிறுவியவர் அவர். தன்னுடைய நோயையே ஆராய்ச்சித் தகுதியாக ஆக்கிக்கொண்டவர். இதைவிடப் பெரிய தலைமைத்துவத்தை நான் படித்ததில்லை.

கதவைத் தட்டியவர்கள்

பிரிட்டன் அழைத்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது. எய்ட்ஸ் வந்த புதிதில், 1983-ல், டென்வர் நகரில் கூடிய நோயாளிகள் ஓர் அறிக்கை எழுதினார்கள். எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் நாங்களும் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 1988 அக்டோபர் 11 அன்று 'ஆக்ட் அப்' என்ற எய்ட்ஸ் போராட்ட இயக்கத்தினர் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். மருந்துகளை விரைந்து பரிசோதியுங்கள், சோதனையில் பெண்களையும் ஏழைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள்.

கோஷத்தோடு நிற்காமல் படித்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அறிவியல் பட்டம் இல்லாத மார்க் ஹாரிங்டன் என்ற இளைஞர், எய்ட்ஸ் ஆராய்ச்சியில் புழங்கும் கலைச்சொற்களுக்கு அகராதி போல ஒரு தொகுப்புச் செய்து தோழர்களுக்குக் கொடுத்தார். சோதனை வடிவமைப்பைப் பற்றி விஞ்ஞானிகளோடு சரிக்குச் சரி வாதாடும் அளவுக்கு அவர்கள் வளர்ந்தார்கள். 1990-ல் அரசின் எய்ட்ஸ் மருந்துச் சோதனை வலையமைப்புக்குள் சமூகப் பிரதிநிதிகளுக்கென்று முறையான குழு வந்தது. ஹாரிங்டன் பின்னர் 'ட்ரீட்மென்ட் ஆக்ஷன் குரூப்' அமைப்பை வழிநடத்தினார். 1997-ல் அவருக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அந்த அமைப்பு இன்று காசநோய் ஆராய்ச்சிக்காகவும் குரல் கொடுக்கிறது.

மார்பகப் புற்றுநோய்ப் போராளிகளும் இதே வழியில் வந்தார்கள். ஃபிரான் விஸ்கோ ஒரு வழக்கறிஞர். தனக்குப் புற்றுநோய் வந்த பிறகு, பெண்கள் அமைப்புகள் சேர்ந்து அமைத்த தேசியக் கூட்டணியின் தலைவரானார். அவர்கள் கொடுத்த நெருக்கடியால் அமெரிக்க நாடாளுமன்றம் 1992-ல் பாதுகாப்புத் துறை வழியாக 21 கோடி டாலரை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுக்களில் நோயிலிருந்து மீண்ட பெண்கள் விஞ்ஞானிகளுக்குச் சமமான வாக்குரிமையோடு உட்கார்ந்தார்கள். அப்படி உட்காருவதற்குத் தேவையான அறிவியலைக் கற்றுக்கொடுக்கக் கூட்டணியே பயிற்சி வகுப்புகளும் நடத்தியது.

தொழிலையே மாற்றிக்கொண்ட தம்பதி

சோனியா வல்லப் சட்டம் படித்தவர். அவருடைய கணவர் எரிக் மினிகல் போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை பார்த்தவர். 2010-ல் சோனியாவின் தாய், மூளையை மிக வேகமாகச் சிதைக்கும் ஒரு பிரியான் நோயால் இறந்தார். அடுத்த ஆண்டு செய்த மரபணுச் சோதனையில், அந்த நோய்க்குக் காரணமான பிறழ்வு சோனியாவுக்கும் இருப்பது தெரிந்தது. சிகிச்சை கிடையாது.

இருவரும் வேலையை விட்டார்கள். மாலை வகுப்புகளில் உயிரியல் படித்தார்கள், ஆய்வகத்தில் அடிமட்ட வேலைகளில் சேர்ந்தார்கள், ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார்கள். இன்று பாஸ்டனை ஒட்டிய பிராட் இன்ஸ்டிடியூட்டில் பிரியான் நோய்க்கென்றே ஆய்வகம் நடத்துகிறார்கள்.

ஷாரன் டெரியின் பாதை வேறு. கல்லூரி ஒன்றில் ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர். 1994-ல் அவருடைய இரு குழந்தைகளுக்கும் தோலையும் கண்ணையும் பாதிக்கும் ஓர் அரிய மரபணு நோய் இருப்பது தெரிந்தது. ஒவ்வோர் ஆய்வகமும் குழந்தைகளிடமிருந்து தனித்தனியாக ரத்தம் கேட்டதைப் பார்த்து, நோயாளிகளே நடத்தும் மாதிரி வங்கியை அவரும் கணவரும் ஏற்படுத்தினார்கள். 2000-ல் நோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது; அந்தக் கண்டுபிடிப்பில் பங்கு ஷாரனுக்கும் உண்டு. பிறகு 'ஜெனடிக் அலையன்ஸ்' என்ற பெரிய அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

எல்லோராலும் இப்படி வாழ்க்கையைப் புரட்டிப் போட முடியாது. அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. சாதாரண மனிதர் சாதாரணமாக நுழைவதற்கு வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேலே சொன்ன பதவிகளும் கூலி விகிதங்களும்.

அவசரம் வந்தால் முதலில் விடுபடுவது

2020 வசந்தத்தில் கொரோனா ஆராய்ச்சிகள் அவசர அவசரமாகத் தொடங்கின. பிரிட்டனின் ஆராய்ச்சி ஒப்புதல் அமைப்பு கணக்குப் பார்த்தது. வழக்கமாக 80 சதவீத ஆய்வுகள் பொதுமக்களைக் கலந்தாலோசித்துவிட்டு வரும். கொரோனா ஆய்வுகளில் அது 22 சதவீதமாகச் சரிந்திருந்தது. உடனே, ஆராய்ச்சியாளர்களையும் பொதுமக்களையும் சில நாட்களுக்குள் இணைத்துவைக்கும் விரைவுச் சேவையைத் தொடங்கினார்கள். சரிந்த அளவு மறுபடி ஏறியது. நேரமில்லை என்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் நேரம் இருந்தும் பழக்கமில்லாததுதான்.

அதே ஆண்டில், கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் தேறாதவர்கள் சிலர் இணையம் வழியே ஒன்றுசேர்ந்து தங்களைத் தாங்களே ஆராயத் தொடங்கினார்கள். 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2021-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, நீடித்த கொரோனா பற்றிய முக்கிய ஆவணங்களில் ஒன்று.

குறை இல்லையா?

இருக்கிறது, மறைக்கக் கூடாது. எல்லா முடிவையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு நோயாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனிலும் உண்டு. வருகிறவர்களில் வெள்ளையர், படித்தவர், வசதியுள்ளவர், வயதானவர் அதிகம் என்ற விமர்சனம் அங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. தெற்காசியக் குடும்பங்களில் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம். அவர்கள் குரல் குழுக்களில் குறைவு. பிரிட்டனில் வாழும் தமிழர்கள் இதைத் தங்களுக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியில் சேர விரும்பும் பொதுமக்களுக்கான வாய்ப்புகளை என்.ஐ.எச்.ஆர். வெளிப்படையாக அறிவிக்கிறது.

2019-ல் பிரிட்டன் வெளியிட்ட பொதுமக்கள் பங்கேற்புத் தரநிலைகள் ஆறு. எல்லோருக்கும் திறந்த வாய்ப்பு, சேர்ந்து உழைத்தல், ஆதரவும் கற்றலும், நிர்வாகத்தில் இடம், தகவல் தொடர்பு ஆகியவற்றோடு, இதனால் என்ன மாறியது என்று அளப்பதும் அவற்றில் ஒன்று. புகைப்பட வழக்கத்துக்கு இப்படி அளப்பதுதான் மருந்து.

சென்னையும் இந்த வரைபடத்தில் உண்டு

எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்து கொடுத்தால், துணைவருக்குத் தொற்றுவது குறையுமா? இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஆய்வு எச்.பி.டி.என். 052. 9 நாடுகளில் 1,763 தம்பதிகளும் இணையர்களும் பங்கேற்றார்கள். பங்கேற்ற இடங்களில் சென்னையும் ஒன்று. டாக்டர் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில் அது நடந்தது. 2011-ல் முடிவு வந்தது: தொற்று 96 சதவீதம் குறைந்தது. உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றிய முடிவு. அந்த ஆராய்ச்சி வலையமைப்பின் விதிப்படி, ஒவ்வொரு மையத்திலும் சமூக ஆலோசனைக் குழு இருந்தாக வேண்டும். எண்பதுகளில் அமெரிக்கத் தெருக்களில் எழுந்த கோரிக்கையின் பலன் இப்படித்தான் சென்னைக்கும் வந்துசேர்ந்தது.

உங்கள் ஊரிலேயே ஓர் இடம்

இந்தியச் சட்டப்படி எந்த மருந்துச் சோதனையும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். டாக்டர்களைத் தவிர ஒரு சட்ட நிபுணர், ஒரு சமூக அறிவியலாளர் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதி போன்றவர், ஒரு பெண், துறை சாராத ஒரு சாமானியர் கட்டாயம்.

அந்தச் சாமானியர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். தமிழாசிரியர், வங்கியில் ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி. அவர் செய்யும் மிகப் பெரிய வேலை, ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தை வரி வரியாகப் படிப்பது. எந்த நேரத்திலும் ஆய்விலிருந்து விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் என்பது எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் விளங்குகிறதா? பாதிப்பு ஏற்பட்டால் யாரை அழைப்பது, இழப்பீடு உண்டா என்று தெளிவாக இருக்கிறதா? 'எனக்கே புரியவில்லை, நோயாளிக்கு எப்படிப் புரியும்?' என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த ஒரு கேள்வி பல பேரைக் காப்பாற்றும். தமிழகத்தின் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. நல்ல தமிழும் தைரியமும் உள்ளவர்கள் இந்த இடத்துக்கு முன்வர வேண்டும். நம் கல்லூரிகள் சமூகப் பணி, இதழியல் மாணவர்களுக்கு இப்படி ஒரு துறை இருப்பதைச் சொல்லவாவது வேண்டும்.

காற்று மாறுகிறது

2024 அக்டோபரில் உலக மருத்துவச் சங்கம், மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனத்தைத் திருத்தியது. ஆராய்ச்சிக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் பங்கேற்பாளர்களோடும் அவர்களுடைய சமூகத்தோடும் பொருள்பட உறவாட வேண்டும் என்பது அதில் சேர்ந்தது. மருந்துச் சோதனைகளைத் திட்டமிடவும் வெளியிடவும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஸ்பிரிட், கன்சார்ட் நெறிகளின் 2025 பதிப்புகளில், நோயாளிகளும் பொதுமக்களும் எப்படிப் பங்கெடுத்தார்கள் என்று எழுதுவதற்குத் தனி இடம் வந்துவிட்டது. இனி இந்தியாவில் நடக்கும் சோதனையை வெளிநாட்டு ஆய்விதழில் பதிப்பிக்க விரும்புகிறவரும் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே, உங்களிடமோ உங்கள் வீட்டுப் பெரியவரிடமோ யாராவது ஆராய்ச்சி ஒப்புதல் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: 'இந்த ஆய்வைத் திட்டமிட்டபோது எங்களைப் போன்ற நோயாளி யாராவது உங்களோடு இருந்தாரா?' இல்லை என்று பதில் வந்தால், அடுத்த ஆய்வுக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.